பிரித்துப் பார்த்தபின் பேசுவோம்!

சென்ற ஆண்டு சித்திரை மாதம், உச்சி வெயிலில், தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் நமது மோட்டார் சைக்கிள் நின்றது. நின்றது என்பது மிக மென்மையான சொல், தோழர்களே! ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பின்சக்கரத்தை எவனோ இரும்புக் கையால் இறுகப் பற்றிக்கொண்டான் என்பதுபோல, சக்கரம் சுழல மறுத்தது, டயர் தேய்ந்தது, தார்ச்சாலையில் கறுப்புக் கோடொன்று நீண்டது. பின்னால் வந்த லாரி நம்மை ஒதுக்கிக் கடந்து சென்றபோது எழுந்த காற்று இன்னமும் முதுகில் இருக்கிறது. கை தன்னையறியாமல் கிளட்சைப் பிடித்ததால் சக்கரம் விடுபட்டது, ஓரத்தில் ஒதுங்க முடிந்தது, இதனை எழுதவும் முடிகிறது.

சேலத்திலிருந்து தருமபுரிக்கு வரும் வழி ஏறுமுகம் என்பதை அந்தச் சாலையில் சென்றவர் அறிவர். பெட்டியிலே இரண்டு கட்டு நூல்கள்—பென்னாகரம் பக்கத்துப் படிப்பகம் ஒன்றுக்கு. ஏற்றம் தொடங்கியதுமே எஞ்சினின் குரல் மாறிற்று. தடதடவென முழங்கி வந்தது, தொண்டை கட்டியவன் பேச்சுப்போல் இறுகலாயிற்று. சூட்டு வாடை வீசிற்று. இழுவை குறைந்தது. அறிவுள்ளவன் அந்த இடத்திலே நிறுத்தியிருப்பான். நாம் என்ன செய்தோம்? இன்னும் கொஞ்சம் திருகினோம்! ஏற்றத்தை முடித்துவிட்டு நிறுத்துவோம் என்று நமக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டோம். ஏற்றம் முடியவில்லை, எஞ்சின் முடிந்தது.

கிக்கரை மிதித்துப் பார்த்தோம். பாறைமீது கால் வைத்ததுபோல் இருந்தது. மரநிழலில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "எஞ்சின் ஜாம் ஆயிருச்சுங்க. இனி மிதிக்காதீங்க. ஆறட்டும்." அன்று நமக்குக் கிடைத்த அறிவுரைகளில் காசு கேட்காமல் வந்தது அது, பின்னர் பார்க்கையில், சரியாக இருந்த முதல் அறிவுரையும் அதுவேதான்.

'குட்டி யானை' என்று ஊரார் அழைக்கும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றி, கயிற்றால் கட்டி, ஊர் கொண்டுவந்து சேர்த்தோம்.

வண்டியைப்பற்றி இரண்டொரு சொல் கூறவேண்டும். 1987இல் வாங்கிய 350 புல்லட். பழைய இரும்பு எஞ்சின். நம் அண்ணன் வாங்கியது. பேருந்துப் பணிமனையில் பிட்டர் வேலை பார்த்தவர். சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, கடன் வாங்காமல் வாங்கினார். அன்று நமக்குப் பதினைந்து வயது. அதன் பின்னிருக்கையில் அமர்ந்து ஓசூர்வரை சென்றதுதான் நாம் கண்ட முதல் பெரிய பயணம். மோட்டார் சைக்கிள் செய்யும் ஆலை எழுந்த ஓசூர் அந்நாளில் நமது மாவட்டத்தைச் சேர்ந்தது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோதுதான் அதனோடு சென்றது. 2019இல் அண்ணன் மறைந்தார். பெயர்மாற்றம் செய்துகொடுத்து, "நீங்களே ஓட்டுங்க தம்பி, சும்மா நின்னா துரு புடிச்சிரும்" என்றார் அண்ணியார். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் நமக்கு அது பெரிய செல்வம். வாரத்தில் இரண்டு நாள் ஊர் ஊராய் நூல் கொண்டுபோக அதைவிட்டால் வேறு வழியும் இல்லை.

வண்டி முற்றத்தில் இறங்கியதும் தீர்ப்புகள் தொடங்கின!

முதல் தீர்ப்பு, வீட்டுப் பெரியவர் ஒருவர் வழங்கியது. "நேரம் சரியில்லை. ஆயுத பூஜைக்கு அந்த வண்டிக்கு ஒரு பொட்டு வைத்தாயா? ஒரு எலுமிச்சம்பழம் நசுக்கினாயா?" என்றார். எலுமிச்சம்பழத்தில் சாறு உண்டு, ஐயா. பிஸ்டனுக்கு வேண்டியது எண்ணெய்! என்று பதில் சொல்லிவிட்டு, வெற்றிப் புன்னகையோடு திரும்பினோம். அந்தப் புன்னகைக்கு நமக்குத் தகுதி இருந்ததா என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

இரண்டாம் தீர்ப்பு, நெடுஞ்சாலையோரத்துப் பட்டறை ஒன்றிலிருந்து வந்தது. ஆள் வந்தார், பார்த்தார், வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். ஒரு திருகையும் கழற்றவில்லை. "பாடி போச்சு சார். எஞ்சினையே மாத்திருங்க. ஓடின எஞ்சின் ஒன்னு கைவசம் இருக்கு. இருபத்தைந்தாயிரம். பழசை நான் எடுத்துக்கிறேன்" என்றார். பழசை அவர் எடுத்துக்கொள்வாராம்! பயனற்றது என்று அவரே பழித்த பொருளின்மீது அவருக்கு அத்தனை பரிவு! அந்த மாற்று எஞ்சினின் எண் என்ன, எந்த வண்டியிலிருந்து வந்தது, விற்றவர் எழுதிக்கொடுத்த தாள் உண்டா என்று கேட்டோம். "அதெல்லாம் யாரு சார் பாக்கறாங்க" என்றார்.

யார் பார்க்கிறார்கள்? சட்டம் பார்க்கிறது. பதிவுச் சான்றிலே எஞ்சின் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எஞ்சினை மாற்றுவதானால் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி தெரிவித்துச் சான்றில் பதிந்துகொள்ள வேண்டும். பதினைந்து ஆண்டுகள் கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். அப்போது ஆய்வாளர் குனிந்து எண்ணைப் படிப்பார். எண் ஒத்துவராவிட்டால்? அது களவுபோன வண்டியின் எஞ்சினாக இருந்துவிட்டால்? நூல் சுமந்து சென்றவன் காவல்நிலையத்து வாசற்படியில் அமர்ந்திருக்க நேரிடும். சென்னைப் புதுப்பேட்டைபோல் பழைய உதிரிப் பொருள் விற்கும் தெருக்கள் நாட்டில் பல உண்டு; அங்கே நேர்மையான வணிகரும் உண்டு. ஆனால் தாளில்லாத எஞ்சினை வாங்குபவன் இரும்பை மட்டும் வாங்கவில்லை. அதன் பழங்கதை முழுவதையும் சேர்த்து வாங்குகிறான். அந்தக் கதையில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. மேலும், அந்த 'ஓடின' எஞ்சின் உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது? நம்முடையதைப் பிரித்துப் பார்க்காமலே பழித்தவர், அவருடையதைப் பிரித்துப் பார்க்காமலே புகழ்ந்தார்!

மூன்றாம் தீர்ப்பு நண்பர்களுடையது. புதிய வண்டி வாங்கு, தவணையில் தருகிறார்கள், மாதம் ஒரு தொகை, வலி தெரியாது என்றனர். ஏறத்தாழ இரண்டு லட்ச ரூபாய். வலி தெரியாதா? தெரியும்! அண்ணன் மகள் செவிலியர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆடியில் கட்டவேண்டிய கட்டணம் நம் பொறுப்பு. அதற்கென்று அஞ்சலகத்தில் ஒதுக்கி வைத்த பணம் ஒன்றுதான் நம்மிடமிருந்த சேமிப்பு. அதைத் தொட்டு முன்பணம் கட்டிவிட்டு, ஆடிக்குள் எப்படியேனும் புரட்டிவிடலாம் என்று ஓர் இரவு முழுவதும் கணக்குப் போட்டோம் என்பதை மறைப்பதற்கில்லை. எப்படியேனும் என்ற சொல்லை நம்பிக் கெட்ட குடும்பங்கள் நம் தெருவிலேயே நான்கு உண்டு. விடிந்ததும் கணக்குத் தாளைக் கிழித்துப் போட்டோம்.

இளந்தோழர் ஒருவர், கல்லூரி மாணவர், சுறுசுறுப்பானவர், வேறொரு கோணத்தில் பேசினார். "அய்யா! சே குவேராவும் அவருடைய நண்பர் அல்பெர்த்தோ கிரனாடோவும் 1952இல் தென்னமெரிக்காவைச் சுற்றக் கிளம்பியது மோட்டார் சைக்கிளில்தானே? வழியிலே வண்டி ஓய்ந்துவிட்டது. சிலி நாட்டில் அதை விட்டுவிட்டு நடந்தும், லாரியில் ஏறியும் போனார்கள். வண்டி போனதால்தானே மக்களைக் கண்டார்கள்?" என்றார். உண்மைதான். அந்த நார்ட்டன் வண்டிக்கு 'வல்லமையுள்ளவள்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த வல்லமை சாந்தியாகோ நகரோடு முடிந்தது. ஆனால் தோழரே, அப்போது சே குவேராவுக்கு வயது இருபத்து மூன்று. நமக்கோ ஐம்பதைக் கடந்த முழங்கால்! அவர் தோளில் கிடந்தது பயணப் பை. நம் தோளில் நாற்பது கிலோ நூற்கட்டு. பேருந்து போகாத ஊர்களில்தான் படிப்பகம் வேண்டியிருக்கிறது. நடப்பதை நாம் இழிவாக எண்ணவில்லை. நடந்துபார்த்து, ஒரு வாரத்தில் ஓர் ஊரைத்தான் முடித்தோம்.

நான்காவது ஒன்றும் உண்டு. அது நம் உள்ளத்தின் தீர்ப்பு. எது ஆனாலும் சரி, எவ்வளவு ஆனாலும் சரி, அண்ணன் வண்டியை விடமாட்டோம் என்று அது கூறிற்று. அழகான தீர்ப்பு! கண்ணீர் மல்கவைக்கும் தீர்ப்பு! பட்டறைக்காரரின் தீர்ப்பைப்போலவே பிரித்துப் பார்க்காத தீர்ப்பு! பொட்டு வைக்கச் சொன்ன பெரியவரை நாம் நகைத்தோமே, இதற்கும் அதற்கும் என்ன தொலைவு? அவர் வண்டிக்குள்ளே கோளைக் கண்டார். நாம் வண்டிக்குள்ளே அண்ணனைக் கண்டோம். இருவருமே எஞ்சினைக் காணவில்லை.

அண்ணியாரிடம் இதைச் சொன்னபோது அவர் வெடுக்கென்று கூறினார்: "அவரு வண்டியில இல்ல தம்பி. ரிப்பேர் பண்ண முடியும்னா பண்ணுங்க, முடியாதுன்னா எடைக்குப் போடுங்க. பாப்பா பீஸ் பணத்தை மட்டும் தொடாதீங்க."

ஐந்தாம் நாள், அண்ணனுக்குப் பழக்கமான முதிய மெக்கானிக் ஒருவரைத் தேடிச் சென்றோம். எழுபதை நெருங்கியவர். ஊருக்குள்ளே, தகரக் கூரை போட்ட சிறு பட்டறை. விளம்பரப் பலகை இல்லை. நாம் முழுக் கதையையும் கூறி, பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்று கேட்டோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பிரிக்காம பேசக் கூடாது தம்பி. பிரிச்சுப் பாத்துட்டுப் பேசுவோம்."

அவ்வளவுதான்! நான்கு தீர்ப்புகளிலும் இல்லாதது அந்த ஒரு வரியிலே இருந்தது.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். அந்தத் துளை வழியே டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றினார். "இன்னைக்குப் போயிட்டு நாளைக்கு வாங்க" என்றார். மறுநாள் நான்காம் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தார். முரட்டுத்தனம் இல்லை, சுத்தியல் இல்லை. அசைத்தார், நிறுத்தினார், அசைத்தார். பத்து நிமிடத்தில் எஞ்சின் விட்டுக்கொடுத்தது. நாம் துள்ளிக் குதித்தோம். "ஓட்டிக்கொண்டு போகலாமா?" என்றோம். அவர் நம்மைப் பார்த்த பார்வையை எழுத்தில் வடிக்க இயலாது. சுற்றிவிட்டது என்பதால் குணமாகிவிட்டது என்று பொருளல்ல. காய்ச்சல்காரன் எழுந்து உட்கார்ந்ததும் ஏர் பிடிக்க அனுப்புவார்களா?

ஹெட் இறங்கிற்று. சிலிண்டர் பிளாக் மேலே எழுந்தது. பிஸ்டன் வெளிப்பட்டது.

இங்கே என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரித்துக் கூறுவோம். ஏனெனில் விதி, நேரம், கண்ணேறு என்பனவெல்லாம் குடியிருப்பது நாம் பிரித்துப் பார்க்காத இருட்டறைகளில்தான். இந்த வண்டியின் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் குழாய். அதனுள்ளே மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் அலுமினியக் கலவை. இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு தலைமயிரின் பருமனளவுதான். சூடு ஏறினால் இரண்டும் விரியும். ஆனால் ஒரேயளவாக விரியாது. அலுமினியம் இரும்பைப்போல் இரு மடங்கு விரியும் உலோகம். 70 மில்லிமீட்டர் அலுமினியம் 100 பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.16 மில்லிமீட்டர் பெருக்கும்; அதே சூட்டில் இரும்பு 0.08 அளவே பெருக்கும். அதிலும், தீயின் நேர் எதிரே நிற்கும் பிஸ்டன்தான் அதிகம் சூடாகும். சிலிண்டரின் புறத்தைக் காற்று குளிர்விக்கிறது. இடைவெளி சுருங்கும். சுருங்கிய இடைவெளியிலும் எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடாது, வழுக்கிச் செல்லும். எண்ணெய் வராதுபோனால்? அலுமினியம் இரும்பைத் தேய்க்கும், தேய்த்த இடம் மேலும் சூடாகும், சூடான இடம் மேலும் விரியும், இளகிச் சிலிண்டர் சுவரிலே அப்பிக்கொள்ளும், பற்றிக்கொள்ளும். இதுதான் ஜாம்.

நமது பிஸ்டனின் முன்புறத்தில் விரல் நீளத்துக்குக் கீறல்கள் நிறைந்திருந்தன. ரிங் ஒன்று தன் பள்ளத்திலேயே நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. சிலிண்டர் சுவரில் வெள்ளி பூசியதுபோல் அலுமினியம் அப்பியிருந்தது.

"இது விளைவு. காரணம் வேற இடத்துல இருக்கு," என்றார் முதியவர். பக்க மூடியைக் கழற்றினார். எண்ணெய் வடிகட்டும் பில்டர் வெளியே வந்தது. வந்தது பில்டரா? கரிய களிமண் உருண்டை! எண்ணெயை வடித்தார். அளவில் பாதிகூட இல்லை. இருந்ததும் தார்போல் இருந்தது. பம்பில் குற்றமில்லை. அனுப்புவதற்கு அதனிடம் எண்ணெய் இல்லை; இருந்ததையும் பில்டர் விடவில்லை.

"எப்ப தம்பி ஆயில் மாத்துனீங்க?"

நமக்குப் பதில் தெரியவில்லை. அவர் கருவிப் பெட்டியைத் திறந்து, எண்ணெய்க் கறை படிந்த சிறு கையேடு ஒன்றை எடுத்தார். இருக்கும் இடம் அவருக்குத் தெரிந்திருக்கிறது, நமக்குத் தெரியவில்லை! அண்ணனின் கையெழுத்து. தேதி, ஓடிய கிலோமீட்டர், ஆயில் மாற்றியது, பில்டர் மாற்றியது, வால்வு இடைவெளி பார்த்தது என்று ஆண்டுக்கணக்கில் வரிசையாக எழுதப்பட்டிருந்தது. கடைசி வரி 2019 சனவரி. அதற்குப் பிறகு வெற்றுத் தாள்கள்.

பிறர் எழுத்தில் ஒற்றுப்பிழை தேடிப் பிழைப்பு நடத்துபவன் நாம்! வல்லெழுத்து மிகவில்லை என்றால் தூக்கம் வராது. ஐந்தாண்டுகளாக ஏறி அமர்ந்த வண்டிக்கு, குறையும்போது ஒரு கோப்பை ஆயிலை மேலே ஊற்றியதோடு சரி. அண்ணன் வண்டி, அண்ணன் வண்டி என்று ஊரெல்லாம் பெருமை பேசினோம். அண்ணன் அந்த வண்டிக்குச் செய்ததைச் செய்யவில்லை. எலுமிச்சம்பழம் நசுக்கச் சொன்ன பெரியவரையும் இழுத்துப் போட்டு ஒப்பிட்டால், அவராவது ஆண்டுக்கு ஒருமுறை வண்டியருகே சென்று பார்க்கச் சொன்னார்.

பிறகு அளவெடுக்கும் படலம். சிலிண்டரை லேத் பட்டறைக்குக் கொண்டுசென்றோம். போர் கேஜ் என்னும் அளவுகருவியை உள்ளே விட்டு, மேலே, நடுவே, கீழே என மூன்று மட்டங்களில், ஒவ்வொரு மட்டத்திலும் குறுக்கும் நெடுக்குமாகப் பார்த்தார்கள். வட்டமாக இருக்கவேண்டியது சற்றே நீள்வட்டமாகியிருந்தது. பழைய பிஸ்டனின் தலையில் '20' என்று பொறித்திருந்தது: முன்பே ஒருமுறை சிலிண்டரைக் கடைந்து, அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். இன்னும் கடைய இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. "முப்பதுல சுத்தமாயிரும். அதுக்கப்புறமும் ஒரு தடவை தாங்கும்" என்றார் லேத்காரர். கனமான இரும்புச் சிலிண்டரின் சிறப்பு இது. இன்றைய பல வண்டிகளில் அலுமினியச் சிலிண்டரின் உட்சுவரிலே நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த மெல்லிய பூச்சு இருக்கும்; அதிகம் உழைக்கும்; ஆனால் கீறிவிட்டால் கடைய முடியாது; மறுபூச்சு செய்யவேண்டும், அல்லது பிளாக்கையே மாற்றவேண்டும். பழையது நல்லது, புதியது தீயது என்று நாம் இதைச் சொல்லவில்லை. பழைய இரும்பு எஞ்சின் கனத்தது, எண்ணெய் கசிவது, எரிபொருளைக் கூடுதலாகக் குடிப்பது; உற்பத்தியாளரே அதைக் கைவிட்டுப் புதிய எஞ்சினுக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பழுது பார்ப்பதற்கு மட்டும் அது இடம் கொடுக்கிறது.

சிலிண்டர் கடைதல், புதிய பிஸ்டன், ரிங், கேஸ்கெட், பில்டர், கூலி—ஒன்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டும் என்று கணக்கு வந்தது. மகிழ்ந்தோம். மகிழ்ச்சி அரை மணி நேரம் நீடித்தது.

முதியவர் கனெக்டிங் ராடைப் பிடித்து மேல்நோக்கி இழுத்தார், கீழே அழுத்தினார். டொக் என்று மிகச் சிறிய ஒலி. "கேட்டுச்சா?" என்றார். கேட்டது. கேட்காததுபோல் இருந்தோம். ராடு பக்கவாட்டில் சற்று நகரலாம், அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். மேலும் கீழும் ஆடக்கூடாது. ஆடினால், கிராங்கோடு சேரும் பெரிய முனை தேய்ந்துவிட்டது என்று பொருள். எண்ணெய் வராத எஞ்சினில் பிஸ்டன் மட்டுமா வாடும்? கிராங்கை இறக்கி, பிரித்து, புதிய ராடும் பின்னும் போட்டு, மீண்டும் சேர்த்து, நேர் பார்க்கவேண்டும். அந்த வேலைக்குச் சேலம் அனுப்பவேண்டும். செலவு இரு மடங்காகும்.

நாம் வாதாடினோம். இப்போதைக்கு மேலே மட்டும் முடித்துவிடுவோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம், மெதுவாக ஓட்டுகிறோம் என்றோம். நம்மைப் போன்றோர் நாட்டில் எல்லாத் துறையிலும் இருக்கிறோம் அல்லவா? சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம், அடித்தளத்தைத் தொடமாட்டோம்!

முதியவர் கோபிக்கவில்லை. "நான் செஞ்சு தரமாட்டேன் தம்பி. வேற ஆளு செஞ்சு தருவான். ராடு ஒருநாள் உடையும்; உடைஞ்சா கேஸைப் பொத்துக்கிட்டு வெளியே வரும். அன்னைக்கு எஞ்சினும் மிஞ்சாது. நீங்க அன்னைக்கும் தொப்பூர்லதான் இருப்பீங்க" என்றார். காசு தருவதாகச் சொல்லியும் ஒரு வேலையை வேண்டாமென்று ஒதுக்கும் தொழிலாளியை வாழ்நாளில் எத்தனை முறை கண்டிருக்கிறோம்? ஒன்றும் கழற்றாமலே இருபத்தைந்தாயிரம் கேட்டவரும் இதே ஊரில்தான் இருக்கிறார்.

பதினெட்டாயிரம். கல்லூரிக் கட்டணத்தைத் தொடுவதில்லை என்பது முடிவு. அண்ணியார் நகை தர முன்வந்தார், மறுத்தோம். இரவுகளில் வேறு அச்சகம் ஒன்றுக்குப் பாடநூல் மெய்ப்பு பார்க்க ஒப்புக்கொண்டோம். இரண்டரை மாதம் வண்டி பிரித்த நிலையிலேயே கிடந்தது. பணம் சேரச் சேர, ஒவ்வொரு பகுதியாகச் சென்றது, திரும்பி வந்தது.

அந்த இரண்டரை மாதத்தில் பக்கத்துத் தெருப் பால்காரர் வாழ்விலும் இதே கேள்வி வந்தது. அவருடையது பழைய இருவிசை மொபெட். பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றி ஓட்டும் வகை. கலக்க மறந்த ஒரு நாளில் ஜாம் ஆயிற்று. நாம் புதிதாகப் பெற்ற ஞானத்தோடு ஓடிப்போய், பிரித்துப் பாருங்கள் என்றோம். பிரித்தார். சிலிண்டர் ஏற்கெனவே கடைசி அளவுவரை கடையப்பட்டிருந்தது. கிராங்க் கேஸில் வெடிப்பு. ஒத்துவரும் உதிரிப் பொருள் ஊரில் இல்லை. காலை நான்கு மணிக்கு ஐம்பது வீட்டுக்குப் பால் கொடுக்கவேண்டியவர். ஒரு நாள் நின்றால் ஐந்து வீடு வேறு ஆளிடம் போய்விடும். பழையதை எடைக்குப் போட்டுவிட்டு, நான்குவிசை எஞ்சின் பூட்டிய புதிய மொபெட்டைத் தவணைக்கு எடுத்தார். அவர் செய்தது சரி. நாம் இரண்டரை மாதம் காத்திருக்க முடிந்தது, நம் வயிறு அந்த வண்டியைச் சுற்றி ஓடவில்லை என்பதால். காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதைச் செலவுக் கணக்கில் எழுதாமல் பழுதுபார்ப்பே சிக்கனம் என்று பேசுவது வசதியுள்ளவன் பேச்சு.

இன்னொன்றும் நமக்குச் சாதகமாக இருந்தது: உதிரிப் பொருள். இங்கிலாந்தில் பிறந்த அந்த வண்டியை 1955 முதல் சென்னையில் உருவாக்கத் தொடங்கினர். 1970ஓடு இங்கிலாந்தில் அந்த நிறுவனத்தின் உற்பத்தி ஓய்ந்தது, சென்னையில் ஓயவில்லை. 1977இல் இங்கே செய்த புல்லட்டையே இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தனர்! பல பத்தாண்டுகள் அடிப்படை அமைப்பு மாறாமல் வந்ததால், 1987ஆம் ஆண்டு வண்டிக்குரிய பிஸ்டன் சேலத்திலும் கிடைக்கிறது, தருமபுரியிலும் கிடைக்கிறது. மைசூரில் 1996வரை செய்த எஸ்டி வண்டியை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஒரு கியருக்காக எட்டு மாதம் அலைந்தார். எஞ்சினைப் பிரிப்பதற்குமுன் பொருள் கிடைக்குமா என்று கேட்டுவிடுவதும் பிரித்துப் பார்ப்பதில் சேர்ந்ததுதான்.

ஆவணி முதல் வாரம் எஞ்சின் பூட்டப்பட்டது. முதல் உதையில் கிளம்பவில்லை; நான்காம் உதையில் கிளம்பிற்று. முதியவர் முதலில் ராக்கர் மூடியைத் திறந்து, அங்கே எண்ணெய் ஏறி வருவதைக் காட்டினார். பிறகுதான் தேநீர் குடித்தார்.

கீறிய பழைய பிஸ்டனைத் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டோம். இப்போது அச்சகத்தில், மெய்ப்புத் தாள்கள் பறக்காமலிருக்க அதைத்தான் வைத்திருக்கிறோம். நியூசிலாந்து நாட்டில் பர்ட் மன்றோ என்றொருவர் இருந்தார். 1920ஆம் ஆண்டுச் செய்த மோட்டார் சைக்கிளை வாழ்நாளெல்லாம் தம் கையாலேயே திருத்தித் திருத்தி, பிஸ்டனைக்கூடத் தாமே வார்த்து, 1967இல் அமெரிக்க உப்புப் பாலைவனத்தில் உலகச் சாதனை நிகழ்த்தியவர். உடைந்துபோன பிஸ்டன்களையும் ராடுகளையும் எறியாமல் அலமாரியில் அடுக்கி, 'வேகக் கடவுளுக்குக் காணிக்கை' என்று எழுதி வைத்திருந்தாராம். குறும்புக்காரர்! அவருடைய காணிக்கை எதுவும் வீணாகவில்லை. ஒவ்வொன்றும் ஏன் உடைந்தது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைச் செய்தார்.

புதிய பிஸ்டனும் கடைந்த சிலிண்டரும் ஒன்றோடொன்று பழகவேண்டும் என்பதால், முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு நாற்பதைத் தாண்டக்கூடாது, ஏற்றத்தில் திருகக்கூடாது, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டக்கூடாது என்று கட்டளை. பாலக்கோட்டுக்கும் அரூருக்கும் மெல்ல மெல்லச் சென்றோம். மிதிவண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஐந்நூறாம் கிலோமீட்டரில் ஆயிலை வடித்தோம். மினுமினுவென்று உலோகத் துகள் இருந்தது. அப்படித்தான் இருக்கும் என்றார் முதியவர். அடுத்த முறை இருக்கக்கூடாது என்றார். அடுத்த முறை இல்லை.

கையேட்டில் 2019 சனவரிக்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டு, தேதியும் கிலோமீட்டரும் எழுதினோம். விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, உங்க கையெழுத்து அப்பா கையெழுத்தைவிட மோசம்" என்றாள்.

தொப்பூர் ஏற்றத்தில் இப்போது மூன்று முறை ஏறியாயிற்று. இடப்பக்க மூடியில் மட்டும் எண்ணெய் சற்றுக் கசிகிறது. அதற்கொரு கேஸ்கெட் வேண்டும். சேலம் செல்லும் நண்பரிடம் சொல்லியிருக்கிறோம்.